மருந்துத் தட்டுப்பாடு: அளப்பதும் ஆள்வதும்

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் என்பன அந்நான்கு. இவற்றுள் முதலிரண்டைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். மருத்துவர் போதவில்லை என்றால் செய்தித்தாளில் வருகிறது. நோயாளிகள் தாழ்வாரத்தில் படுத்திருந்தால் படம் எடுத்துப் போடுகிறார்கள். பின்னிரண்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மருந்து கொடுக்கும் சன்னலில் ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் திரும்பிப் போவதைப் படம் எடுக்க முடியாது என்பது ஒரு காரணமாயிருக்கலாம்.

அந்தச் சொல்லைக் கணக்குக்குள் கொண்டுவர முடியுமா என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட கேள்வி. புள்ளியியல் மாணவனாகிய எனக்கு இதில் நாட்டம் ஏற்பட என் பெரியம்மாவே காரணம். அவர் அரசு மருத்துவமனைகளில் முப்பதாண்டுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நடைமுறை பற்றி நான் எழுதுவன பலவும் அவரிடம் கேட்டறிந்தவை. கணக்கு மட்டும் என்னுடையது.

பதிவேடு காட்டாத தட்டுப்பாடு

ஒவ்வொரு மருந்தகத்திலும் இருப்புப் பதிவேடு ஒன்று உண்டு. வந்த அளவு, கொடுத்த அளவு, மீதி, தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றுக்கு அதில் கட்டங்கள் உள்ளன. முன்பு அது தடித்த அட்டை போட்ட பேரேடு. இன்று பல இடங்களில் கணிப்பொறி. ஏடு மாறிற்றேயன்றிக் கட்டங்கள் அதிகம் மாறவில்லை. அடுத்த காலாண்டுக்கு என்ன வேண்டும் என்ற தேவைப்பட்டியலை, மருந்தகத்தார் மொழியில் சொன்னால் ‘இண்டென்ட்’டை, சென்ற காலாண்டின் செலவைப் பார்த்துத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். கேட்பதற்கு இது முற்றிலும் நியாயமாகவே தோன்றுகிறது. பிழை எங்கே நுழைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை.

நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மெட்பார்மின் மாத்திரை ஒரு மருத்துவமனையில் நாளொன்றுக்கு 150 தேவைப்படுகிறது எனக் கொள்வோம். ஒரு காலாண்டுக்கு, அதாவது 90 நாளுக்கு, 13,500 வேண்டும். ஆனால் வந்தது 9,000. அது 60 நாளில் தீர்ந்துபோகிறது. மீதி 30 நாளும் அலமாரி காலி. காலாண்டு முடிவில் பதிவேட்டைத் திறந்தால் என்ன இருக்கும்? ‘செலவு 9,000’ என்றிருக்கும். அதை 90ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 100 மாத்திரை. எனவே அடுத்த காலாண்டுக்கும் 9,000 கேட்கப்படும், அதுவும் 60 நாளில் தீரும், அடுத்ததும் அவ்வாறே.

இப்பொழுது அந்தப் பக்கத்தைத் தணிக்கையாளர் ஒருவரின் கண்ணால் பாருங்கள். கேட்டது 9,000, வந்தது 9,000, செலவானது 9,000. வீணானது ஒன்றுமில்லை, காலாவதியானது ஒன்றுமில்லை. கோரிக்கையும் செலவும் இம்மியளவும் பிசகாமல் ஒத்துப்போகின்றன. இதைவிட நேர்த்தியான பக்கம் ஒன்றை அவர் எங்கும் பார்த்திருக்க முடியாது. ஆயினும் அந்த மருத்துவமனையில் மூன்று நாளைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் நீரிழிவு மாத்திரை இல்லை! தட்டுப்பாடு தன்னைத்தானே மறைத்துக்கொள்வதோடு, அடுத்த தட்டுப்பாட்டுக்கான விதையையும் பதிவேட்டிலேயே ஊன்றிவிடுகிறது.

சில இடங்களில் எதற்கும் இருக்கட்டும் என்று பத்து விழுக்காடு கூட்டிக் கேட்பார்களாம். மேற்சொன்ன எடுத்துக்காட்டில், கேட்டதெல்லாம் வந்தாலும், பத்துப் பத்தாகக் கூட்டி 13,500ஐத் தாண்ட ஐந்து காலாண்டு ஆகும். நீரிழிவு அதுவரை காத்திருக்காது.

இதற்கு மாற்று எளியது. 9,000ஐ 90ஆல் வகுக்காமல், மருந்து உண்மையில் அலமாரியில் இருந்த 60 நாளால் வகுக்கவேண்டும். 150 என்ற உண்மை எண் உடனே கிடைத்துவிடும். ‘இருப்பில்லாத நாள்’ என்று ஒரு கட்டம் ஏட்டில் இருந்தால் போதும். உலகெங்கும் மருந்து வழங்கல் பற்றிய பாடநூல்கள் இத்திருத்தத்தைத்தான் முதலில் கற்பிக்கின்றன. நான் இதை வெகு உற்சாகத்தோடு பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “குடுத்ததை எழுதக் கட்டம் இருக்கு. குடுக்காததை எழுதக் கட்டம் எங்கப்பா இருக்கு? நாளை மட்டும் எண்ணிட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா?” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் பிறகுதான் விளங்கிற்று. மருந்து குறையத் தொடங்கினால் அனுபவமுள்ள மருந்தாளுநர் கடைசி மாத்திரை வரை அள்ளிக் கொடுத்துவிட்டுக் கையை விரிப்பதில்லை. முப்பது நாளைக்கு எழுதியிருந்தால் பதினைந்து நாளைக்குக் கொடுப்பார். பிறகு பத்து நாளைக்கு. எல்லாருக்கும் கொஞ்சமாவது போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணம் அது. அதன் விளைவாக அலமாரி ஒரு நாளும் காலியாவதில்லை. ‘இருப்பில்லாத நாள்’ என்ற கட்டத்தில் சுழியம் விழுகிறது. நம் புதிய அளவுகோலும் தட்டுப்பாடே இல்லை என்று சொல்லிவிடுகிறது. பாதி மாத்திரை வாங்கிப்போன அம்மாள் பதினைந்தாம் நாள் மறுபடி பேருந்து ஏறி வருவார். அன்றையக் கூலி போகும். மருந்தகத்தின் தட்டுப்பாடு அவருடைய செலவாக மாறிவிட்டது. எந்த ஏட்டிலும் அது இல்லை.

ஆகவே நாளை விட்டுச் சீட்டுக்கு வரவேண்டும். எழுதியதில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். இங்கும் ஓர் எச்சரிக்கை. ஒரு நாளில் 100 சீட்டு வருகிறது. ஒவ்வொன்றிலும் 30 மாத்திரை. 60 பேருக்கு முழுதும் கிடைத்தது, 30 பேருக்குப் பாதி, 10 பேருக்கு ஒன்றுமில்லை. ‘மருந்து பெற்றவர் எத்தனை பேர்’ என்றால் 90 விழுக்காடு. ‘முழு மருந்து பெற்றவர்’ என்றால் 60. ‘மாத்திரைகளில் எவ்வளவு கொடுக்கப்பட்டது’ என்றால் 75. மூன்றும் உண்மை, ஒரே நாளின் ஒரே சன்னல். மூன்றில் எதை மேலிடத்துக்கு எழுதுவது என்பதில் மனித சுபாவம் தன் வேலையைக் காட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சீட்டோடும் சங்கதி முடிவதில்லை. பல மருத்துவமனைகளில் காலையில் மருந்தகத்திலிருந்து ஒரு தாள் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகும். இன்று இல்லாத மருந்துகள் இன்னின்ன என்று அதில் எழுதியிருக்கும். நோயாளியை வீணாக அலையவிடாத நல்ல பழக்கம் அது. ஆனால் மருத்துவர் அந்த மருந்தை எழுதுவதையே நிறுத்திவிடுகிறார். அதன்பின் சீட்டிலும் தட்டுப்பாடு மறைகிறது. கடைசியாக நோயாளியும் வருவதை நிறுத்துகிறார். வலிப்பு நோய்க்குத் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும். அவர் அடுத்த முறை வருவது வெளிநோயாளர் வரிசைக்கு அன்று, அவசரப் பிரிவுக்கு. அங்குள்ள ஏட்டில் ‘வலிப்பு’ என்று எழுதுவார்கள். ‘மாத்திரை இல்லாமற் போனதால்’ என்று எழுத அங்கும் கட்டம் இல்லை.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டென்பதை நேர்மைக்காகச் சொல்லவேண்டும். மருந்து கிடைக்காதவர் மறுநாளும் வருவார், மூன்றாம் நாளும் வருவார். ஒருவரே மூவராக எண்ணப்படுவார். ஒரு மருந்து வராதாம் என்ற பேச்சு பரவிவிட்டால் ஒவ்வொரு வார்டும் இரு மடங்காகக் கேட்டு வாங்கித் தன் அலமாரியில் பூட்டி வைக்கும். கிட்டங்கியில் இல்லை, வார்டில் தூங்குகிறது என்ற நிலை! எனவே ‘இல்லை’ என்ற சொல்லை வெறுமனே எண்ணிக் கூட்டினாலும் தேவை ஊதிப்போகும். கணக்கு எப்போதும் இவ்விரண்டு பிழைகளுக்கும் நடுவே நடக்கவேண்டியிருக்கிறது.

எண்ணும் முறை மாறினால்

ஒரு சன்னலில் உள்ள இச்சிக்கல் ஒரு நாட்டளவில் எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்கா நல்ல சான்று. அங்கே யூட்டா பல்கலைக்கழகத்தின் மருந்துத் தகவல் பணியகம் 2001 முதல் தட்டுப்பாடுகளைத் தொடர்ந்து எண்ணிவருகிறது. மருத்துவமனை மருந்தாளுநர் சங்கம் அப்பட்டியலை வெளியிடுகிறது. அரசின் உணவு மருந்து நிர்வாகமும் தனியே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதில்லை. நாடு முழுவதற்குமான மொத்த வழங்கல் மொத்தத் தேவைக்குப் போதுமா என்று அரசு பார்க்கிறது. மருந்தாளுநர் தம் வேலையை மாற்றிக்கொள்ளவேண்டி வந்ததா, வழக்கமான குப்பி கிடைக்காமல் வேறு அளவுக் குப்பியை வைத்துச் சமாளிக்கவேண்டி வந்ததா என்று சங்கம் பார்க்கிறது. யார் சரி என்று கேட்டால், சன்னலுக்கு எந்தப் பக்கம் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. யூட்டாவின் கணக்கில், ஓராண்டில் புதிதாகத் தோன்றிய தட்டுப்பாடுகள் மிகுந்திருந்தது 2011இல், அவை 267. நடப்பில் தீராமல் இருந்த தட்டுப்பாடுகளின் எண்ணிக்கையோ 2024ஆம் ஆண்டின் முதற் காலாண்டில் 323ஐத் தொட்டது. அதுவரை கண்டிராத உச்சம் அது. புதிய தட்டுப்பாடு குறைவாக இருக்கும்போதே தீராத தட்டுப்பாடு உச்சத்தில் இருக்க முடியும். குளத்துக்கு வரும் நீர் குறைந்தாலும் மதகு அடைத்துக்கொண்டால் நீர்மட்டம் ஏறும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. வரவை மட்டும் எண்ணுபவர் நிலைமை தேறிவிட்டது என்பார். மட்டத்தை எண்ணுபவர் மோசம் என்பார்.

அந்நாட்டுப் பட்டியலில் பெருவாரியாக இடம்பெறுவன புதுமையான விலையுயர்ந்த மருந்துகள் அல்ல. பழைய, மலிவான ஊசி மருந்துகளே. இலாபம் குறைந்ததால் அவற்றைச் செய்யும் ஆலைகளும் குறைந்துவிட்டன. புற்றுநோய்க்கு 1978 முதல் அங்கு வழக்கிலுள்ள சிஸ்பிளாட்டின் 2023இல் தட்டுப்பட்டது. ஆமதாபாத் அருகிலுள்ள ஒரே ஓர் ஆலையில் 2022 நவம்பரில் நடந்த அரசு ஆய்வுக்குப் பின் உற்பத்தி நின்றதே அதன் தொடக்கம். இத்தகைய தட்டுப்பாட்டை எந்த மருந்தகத்தின் இருப்புக் கணக்கும் தடுக்காது. அங்கே ஆளுதல் என்பது பங்கிடுதலாக மாறுகிறது. நோய் குணமாகும் வாய்ப்புள்ளவர்க்கு முதலில் வைத்துக்கொள்ளுதல், கணக்கிட்ட அளவு ஒரு குப்பிக்குச் சற்றே மிகுந்தால் அக்குப்பியோடு நிறுத்திக்கொள்ளுதல், மருத்துவம் அனுமதிக்கும் இடத்தில் ஊசிகளுக்கிடையே நாளைத் தள்ளுதல் என்பன போன்ற வழிகளை அங்குள்ள புற்றுநோய் மருத்துவச் சங்கங்கள் வகுத்தன. யாருக்கு முதலில் என்ற வினாவைத் தனியொரு மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தீர்மானிக்க நேர்வதைவிட, முன்கூட்டியே குழுவாக அமர்ந்து விதி வகுப்பது மேலானது என்றே நினைக்கிறேன்.

எல்லா ‘இல்லை’யும் ஒன்றல்ல

வணிகவியல் நண்பர்கள் ஏ.பி.சி. பகுப்பை நன்கறிவர். 1951இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவான முறை அது. பணத்தில் பெரும்பங்கை விழுங்கும் சில பொருள்களை ‘ஏ’ என்றும், எண்ணிக்கையில் மிகுந்து பணத்தில் சுருங்கியவற்றை ‘சி’ என்றும் பிரித்து, ‘ஏ’யின் மீது கண் வைக்கச் சொல்வது. திருகாணி விற்பவருக்கு இது போதும். மருந்தகத்துக்கு இதை மட்டும் கொண்டால் ஆபத்து. விலையைக் கொண்டு பிரிப்பதோடு, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொண்டும் பிரிக்கவேண்டும். உயிர் காப்பன, தேவையானவை, இருந்தால் நல்லவை என்ற இந்த மூவகைப் பிரிவை வி.இ.டி. பகுப்பு என்பர்.

இதன் உண்மையை 2022 மார்ச்சில் இலங்கை காட்டிற்று. அந்நியச் செலாவணி வற்றி மருந்து இறக்குமதி தடைப்பட்ட அந்நாளில், பேராதனைப் போதனா மருத்துவமனை அவசரமல்லாத அறுவை மருத்துவங்களை நிறுத்திவைத்தது. முக்கியமாகத் தீர்ந்துபோன மருந்து நியோஸ்டிக்மின். அறுவையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்தின் ஆற்றலை முடிவில் மாற்றி, நோயாளி தாமே மூச்சு விடும்படி செய்வது அது. விலையில் மிகச் சிறியது, ஏ.பி.சி. பகுப்பில் கடைக்கோடிச் ‘சி’. அறுவை மருத்துவர் இருந்தார், மயக்க மருத்துவர் இருந்தார், கருவிகள் இருந்தன. அந்தச் சிறு ஊசி மருந்து இல்லாததால் அறுவைக்கூடம் நின்றது. அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பால்மாவோடு 137 வகை உயிர்காக்கும் மருந்துகளும் அனுப்புவதென முடிவாகி, முதற் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது நினைவிருக்கலாம். எத்தனை வகை மருந்து இல்லை என்று எண்ணும் அளவுகோலில் நியோஸ்டிக்மினும் ஒன்று, இருமல் மருந்தும் ஒன்று. எண்ணிக்கை ஒன்றுதான், எடை ஒன்றன்று.

எப்போது கேட்பது, எவ்வளவு வைப்பது

இனி ஆளுதலுக்கு வருவோம். மேற்கண்ட மெட்பார்மினையே எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குச் சராசரி 150, திட்டவிலக்கம் 30. கேட்டு அனுப்பிய நாளுக்கும் வந்து சேரும் நாளுக்கும் இடையே சராசரி 20 நாள். அதன் திட்டவிலக்கம் 5 நாள். அந்த 20 நாளுக்கு 3,000 மாத்திரை வேண்டும். அதற்கு மேல் காப்புக் கையிருப்பு எவ்வளவு?

காத்திருக்கும் காலம் அசையாமல் 20 நாளாகவே இருந்தால், 20ஐ 30இன் வர்க்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் காணவேண்டும், ஏறக்குறைய 134. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை போதவேண்டுமென்றால் 1.65ஆல் பெருக்க, 221 மாத்திரை. அவ்வளவே. ஆனால் லாரி வரும் நாளும் 5 நாள் திட்டவிலக்கத்தோடு ஆடுகிறது என்றால், 150இன் வர்க்கத்தை 5இன் வர்க்கத்தால் பெருக்கி முன்னதோடு கூட்டவேண்டும். 18,000 என்றிருந்தது 5,80,500 ஆகிறது. வர்க்கமூலம் 762, காப்புக் கையிருப்பு 1,257. ஆக, இருப்பு 4,257க்கு இறங்கியதும் அடுத்த கோரிக்கை போகவேண்டும். இதைத்தான் மறு ஆணை நிலை என்பர்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாயிருந்தது. நோயாளிகள் இன்று கூடுதலாகவும் நாளை குறைவாகவும் வருவதற்காக வேண்டிய காப்பு 221. மருந்து வரும் நாள் நிச்சயமில்லாததற்காகவே கூடுதலாக வேண்டியது ஆயிரத்துக்கு மேல்! கூட்டத்தைக் குறை சொல்வது நமக்கு வழக்கம். ஆனால் தட்டுப்பாட்டுக்குக் கூட்டத்தைவிட நாள் தவறுதலே பெரிய காரணம் என்பது இக்கணக்கிலிருந்து தெரிகிறது. சொன்ன நாளில் மருந்து வருமானால் அலமாரியில் பணத்தை முடக்கவும் வேண்டாம், காலாவதியாகி எரிக்கவும் வேண்டாம்.

தினந்தோறும் செலவாகும் மாத்திரைக்கு இது பொருந்தும். பாம்புக்கடி முறிமருந்துக்குப் பொருந்தாது. அது அபூர்வமாக, ஆனால் உடனே வேண்டுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராகச் செய்யப்படுவது. அதற்கான நஞ்சைப் பெருமளவில் எடுத்துத் தருவது சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. ஒருவருக்குத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை தேவைப்படும்.

ஒரு வட்ட மருத்துவமனைக்கு மாதம் சராசரி இருவர் கடிபட்டு வருகின்றனர் என்றால் எத்தனை பேருக்கு இருப்பு வைப்பது? இருவர்க்கு என்று சொல்லத் தோன்றும். பாய்சான் பரவலைக் கொண்டு பார்த்தால், மூவரோ அதற்கு மேற்பட்டோரோ வருவதற்கான நிகழ்தகவு 0.32. மூன்று மாதத்தில் ஒரு மாதம் குப்பி போதாது. நால்வர்க்கு வைத்தால் போதாமற் போகும் நிகழ்தகவு 0.053, ஏறக்குறைய பத்தொன்பது மாதத்துக்கு ஒரு முறை. சராசரியை நம்பி முறிமருந்து வைப்பது, சராசரி ஆழம் முழங்கால் என்று கேட்டு ஆற்றில் இறங்குவது போலாகும்.

பத்து மருத்துவமனைகள் இப்படி நால்வர்க்காகத் தனித்தனியே வைத்தால் மொத்தம் நாற்பது பேருக்கான மருந்து. ஆயினும் ஏதேனும் ஓர் இடத்தில் அம்மாதம் பற்றாக்குறை வரும் வாய்ப்பு நூற்றுக்கு 42. அதையே ஒரே கிட்டங்கியில் வைத்தால் இருபத்தெட்டுப் பேருக்கான மருந்தே போதும். பற்றாக்குறை வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழ். ஓரிடத்தில் குறைவதை மற்றோரிடத்தில் மிஞ்சுவது ஈடுசெய்துவிடுகிறது. ஆனால் கடிபட்டவர் கிட்டங்கியிலிருந்து வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது. முதல் ஊசிக்குரியது ஒவ்வோரிடத்திலும், தொடர்வதற்குரியது பொதுவில் என்று பிரித்து வைப்பதே தக்கது.

பொதுக் கிட்டங்கி என்ற இக்கருத்து நம் மாநிலத்தில் பெரிய அளவில் செயல்பட்டு வருகிறது. 1994 ஜூலை 1ஆம் நாள் பதிவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 தொடக்கத்தில் மருந்து வழங்கத் தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் ஒருங்கே விலைப்புள்ளி கேட்டு வாங்குதல், மாவட்டங்களில் கிட்டங்கி, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துத் தயாரிப்பாளர் பெயரை மறைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புதல் என்று அதன் முறைகள் அமைந்தன. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பாஸ்புத்தகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய் என்று வரவு வைத்து, வாங்கும் மருந்தின் மதிப்பை அதில் கழித்துக்கொண்டே வருவது. யாரோ ஒதுக்கி அனுப்பியதை வாங்கி அடுக்கும் நிலை போய், தனக்கு வேண்டியதைத் தானே கேட்கும் நிலை மருத்துவமனைக்கு வந்தது. 2011இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய இராசத்தான் இம்மாதிரியைத்தான் பின்பற்றியது.

ஆனால் பாஸ்புத்தகத்தில் வரவு வைக்கும் தொகையைப் பழைய செலவைப் பார்த்து வரையறுத்தால், 9,000 மாத்திரைக் கதை அங்கும் நுழைந்துவிடும். சென்ற ஆண்டு மருந்தில்லாததால் குறைவாகச் செலவழித்த மருத்துவமனைக்கு இவ்வாண்டும் குறைவாகவே வரவு விழும். கணிப்பொறி கொடுத்ததைத்தான் அறியும். கிட்டங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சென்னையிலிருந்தே பார்க்கலாம். சன்னலில் யார் என்ன கேட்டுத் திரும்பினார் என்பதைச் சன்னலில் இருப்பவர்தான் எழுதவேண்டும்.

ஒரு படிவம்

அதற்கென ஒரு படிவம் வரைந்து பெரியம்மாவிடம் காட்டினேன். ஒரு சன்னல், ஒரு மாதம், உயிர் காக்கும் மருந்துகளும் தொடர்ந்து சாப்பிடவேண்டிய மருந்துகளுமாக இருபது மட்டும். நோயாளியின் பெயர் வேண்டாம். மருந்து, சீட்டில் எழுதியது, கொடுத்தது, இல்லையென்றால் என்ன சொல்லி அனுப்பினோம் என்று நான்கு கட்டம். ‘வெளியில் வாங்குங்கள்’, ‘திங்கட்கிழமை வாருங்கள்’, ‘மாற்று மாத்திரை தந்தோம்’ என்பவற்றுக்கு ஒவ்வோர் எழுத்து. மருந்தாளுநருக்கு இருக்கும் வேலைப் பளுவில் இதையும் எழுதச் சொல்வது நியாயமன்று என்பதால், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இருவர் முறை வைத்து அருகில் அமர்ந்து குறிக்கலாம் என்பது என் எண்ணம். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை போதும்.

பெரியம்மா படிவத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். “திங்கக்கிழமை வாங்கன்னு சொன்னவங்க திங்கக்கிழமை வந்தா, புதுசா வந்தவங்கன்னு எழுதிடாதீங்க. சீட்டு மூலையில பென்சில்ல ஒரு கோடு போட்டு அனுப்பு. அப்பறம், எந்த ஊர்ல இருந்து வந்தாங்கன்னு ஒரு கட்டம் போடு. பக்கத்துத் தெருக்காரங்களுக்கு இல்லைன்னு சொல்றதும், ரெண்டு பஸ் மாறி வந்தவங்களுக்கு இல்லைன்னு சொல்றதும் ஒண்ணா?” என்றார்.

ஒருவரையே மூவராக எண்ணும் பிழைக்குப் பென்சில் கோடு தீர்வாகும் என்று என் பாடநூல் எதிலும் இல்லை. ஐந்தாவது கட்டத்தையும் சேர்த்துப் படிவத்தைத் திருத்தி எழுதித் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். மருத்துவமனையின் இசைவு கிடைத்தால் அடுத்த பருவத்தில் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வர விரும்பும் நண்பர்கள் புள்ளியியல் துறையில் பெயர் கொடுக்கலாம்.